பெட்டியைக் கடைக்குக் கொடுக்குமுன்...

கிருலப்பனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக் கணனியில் படம் ஓடுகிறது. ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் இணையவழி வகுப்பு. கணவர் வெளிநாட்டில். கடையில் விசாரித்தால், "பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு நாளில் பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்களாம். "எங்கள் கல்யாண வீட்டுப் படங்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கொடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரியின் தயக்கம் நியாயமானது. சத்தம் போனது சிறிய விஷயம். வீட்டுப் பெண்களின் படங்கள் முன்பின் அறியாதவர் கைக்குப் போவது அப்படியல்ல. ஆகவே குறை ஸ்பீக்கரிலா, பெட்டியிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரு கைத்தொலைபேசி போதும்.

ஸ்பீக்கரின் மெல்லிய வயரைக் கணனியிலிருந்து கழற்றி, இயர்போன் துளை உள்ள போனில் செருகுங்கள். (புதிய போன்கள் பலவற்றில் அந்தத் துளை இல்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய போன் இப்போதுதான் உதவும்.) எதையாவது ஓடவிடுங்கள். சத்தம் வந்தால் ஸ்பீக்கரில் குறையில்லை. வராவிட்டால் ஸ்பீக்கரை மட்டும் ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகலாம். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

அதற்கும் முன்பு, ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் பழைய உருண்டை முள் துளைகளும் புதிய சதுர முள் பிளக்குகளும் கலந்து கிடப்பதால், நடுவில் ஒரு அடப்டரைப் போட்டுச் சமாளிக்கிறோம். அது தளர்ந்தால் மின்சாரம் போகாது. வேறு துளையில் போட்டுப் பாருங்கள். இரண்டு வயர் உள்ள சிறிய ஸ்பீக்கர்களில் யூஎஸ்பி வயர் பெரும்பாலும் மின்சாரத்துக்கு மட்டுமே. சத்தம் மற்ற வயரில்தான் வரும். விளக்கு எரிகிறதே என்று அந்த இரண்டாவது வயரை மறந்துவிடுகிறவர்கள் பலர். சுவரில் நேரே செருகும் ஸ்பீக்கரை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். உள்ளே வருவது 230 வோல்ட்.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் பெட்டியின் பின்பக்கம் போவோம். வயர் பச்சைத் துளையில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே வாங்குவதற்கு. 1990களின் இறுதியில் மைக்ரோசாப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த நிறங்கள் இவை. மூன்று துளையும் ஒரே அளவானதால், தூசு துடைக்கக் கழற்றிய வயர் திரும்பும்போது இளஞ்சிவப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு என்ன செய்தாலும் சத்தம் வராது.

அடுத்தது திரை. வலது பக்கக் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக் குறி இருந்தால் யாரோ சத்தத்தை அடைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அந்தப் படத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, சவுண்ட் செட்டிங்ஸில் 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் புதிய மொனிட்டர் பூட்டிய வீடுகளில், விண்டோஸ் சத்தத்தை மொனிட்டருக்கு அனுப்பிவிடுவதுண்டு. அந்த மொனிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது! மகனின் புளூடூத் இயர்போனுக்கும் அப்படிப் போகலாம். பட்டியலில் ஸ்பீக்கரைத் தெரிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் கேட்டு, வகுப்பு மட்டும் கேட்கவில்லையா? ஸூமில் மைக் படத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் அதற்கென்று தனி ஸ்பீக்கர் பட்டியல் வரும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கணனியை ஒருமுறை முழுதாக அணைத்துப் போடுங்கள். பிறகு பச்சைத் துளையில் ஒரு இயர்போனைச் செருகிப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் உள்ளே சத்தத்துக்கான பகுதி பழுதாகியிருக்கலாம். 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்த காலத்தில் அது தனி அட்டை, கழற்றி மாற்றலாம். இப்போது அது தாய்ப்பலகையோடு சேர்ந்தே வருவதால், "போர்டை மாற்ற வேண்டும்" என்று பெரிய தொகை சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். யூஎஸ்பி சவுண்ட் அடப்டர் என்று விரலளவில் ஒன்று உண்டு, விலையும் அதிகமில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். அதை யூஎஸ்பி துளையில் போட்டு, ஸ்பீக்கர் வயரை அதில் செருகி, முன்சொன்ன பட்டியலில் அதைத் தெரிவு செய்தால் போதும். பெட்டியைத் திறக்கவே தேவையில்லை.

அப்படியும் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், படங்களை அழித்துவிட்டுக் கொடுப்பது போதாது. அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை உங்கள் முன்னாலேயே கழற்றித் தரச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் தம்முடைய டிஸ்க்கைப் பூட்டியே சத்தத்தைச் சோதித்துவிடுவார். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.