இயந்திரம் யாருடையது?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, சூதாட்ட விடுதிகளாற் பேர்பெற்ற லாஸ் வேகஸ் நகரிலே, 2023 செப்ரெம்பர் 29ஆந் திகதி 'ஸ்பியர்' என்னும் கோள அரங்கு யூ-டூ என்ற இசைக்குழுவின் கச்சேரியோடு திறந்துவைக்கப்பட்டது. அன்று தொடக்கம் அதனைப்பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இரு அணியினராகப் பிரிந்து நிற்கின்றனர். கலையின் எதிர்காலம் பிறந்துவிட்டதென்று ஆர்ப்பரிப்போர் ஓரணியினர். இயந்திரம் இசையைக் கொன்றுவிட்டதென்று புலம்புவோர் மற்றோரணியினர். இவ்விரு சாராரும் தம்முள் முரண்படுவதாக எண்ணிக்கொள்கின்றனர். ஆயின் இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது நமது கருத்து. இயந்திரத்தை வாயாரப் புகழ்ந்தும் வைதும் பேசுகின்ற இவர்கள், அவ்வியந்திரத்தின் உடைமையாளரைப்பற்றி மூச்சு விடுவதில்லை.

முதலில் அரங்கினை நோக்குவோம். 366 அடி உயரமும் 516 அடி அகலமுங் கொண்ட இக்கோளத்தைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 230 கோடி டொலர் செலவாயிற்று. உள்ளே 160,000 சதுர அடி பரப்புள்ள திரை பார்ப்போரின் தலைக்கு மேலாகவும் பக்கங்களிலும் வளைந்து நிற்கின்றது. திரைக்குப் பின்னால் ஏறத்தாழ 167,000 ஒலிபெருக்கிகள் மறைந்திருக்கின்றன. இவை ஒலியைக் கற்றையாகத் திரட்டி வேண்டிய திசைக்கு அனுப்ப வல்லவை. ஆதலின் மேல்மாடத்துக் கடைசி வரிசையில் இருப்போரும் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்கலாம். 17,000க்கு மேற்பட்ட ஆசனங்களுள் 10,000 ஆசனங்கள் இசைக்கேற்பத் தாமே அதிரும்.

இத்தனையும் மனித அறிவின் பயன், மனித உழைப்பின் பயன். இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம்மவரல்லர். நேரிற் கண்டு வந்த இரசிகர்கள் தாம் மெய்ம்மறந்து போனதாகக் கூறுவதையும் நாம் மறுக்கவில்லை. இளமை முதல் நேசித்த ஒரு குழுவின் பாட்டை, ஒரு சொல்லுஞ் சிதையாமல், வானமே திறந்தாற் போன்ற காட்சியினிடையே கேட்ட ஒருவர் கண்ணீர் விட்டாரெனின் அக்கண்ணீர் பொய்யன்று. 1965இல் நியூபோட் நாட்டார் இசைவிழாவில் பொப் டிலன் மின்கித்தாரோடு மேடையேறியபோதும் கூட்டத்திற் கூச்சல் எழுந்தது. அன்று கூச்சலிட்டவர்களின் வாரிசுகளாக நிற்பதற்கு நாம் ஆயத்தமாக இல்லை.

எனவே இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல வழக்கு. வழக்கினை விளங்கிக்கொள்வதற்கு ஒரே இசைக்குழுவின் வரலாற்றில் ஐம்பதாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கினாற் போதும்.

கிரேற்புல் டெட் என்னும் குழு 1965இற் கலிபோர்னியாவிலே தோன்றியது. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆஷ்பெரி வீதி 710ஆம் இலக்க வீட்டில் ஒன்றாக வாழ்ந்து, பூங்காக்களிலும் தெருக்களிலும் கட்டணமின்றிப் பாடியவர்கள் இவர்கள். கூட்டம் பெருகி விளையாட்டரங்குகளிற் பாட வேண்டிவந்தபோது, பின்வரிசையில் நின்றவர்களுக்கு இரைச்சலே மிஞ்சியது. இதற்குப் பரிகாரமாக ஒவ்ஸ்லி ஸ்ரான்லி முதலிய அக்குழுவின் ஒலிவல்லுநர்கள் 1974இல் 'ஒலிச்சுவர்' என்றழைக்கப்பட்ட பேரமைப்பொன்றை உருவாக்கினர். ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகள், 75 தொன் நிறை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஒலிநிரல் வகுக்கப்பட்டது. பில் லெஷின் பேஸ் கித்தாரில் ஒவ்வொரு நரம்புக்குந் தனி வழி இருந்தது.

இச்சுவரிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்றுண்டு. அது இசைஞர்களுக்குப் பின்னால் நின்றது. வாசித்தவர் எதைக் கேட்டாரோ அதையே எதிரே நின்றவருங் கேட்டார். வழக்கத்தில் இப்படிச் செய்தால் ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்து ஊளையிடும். அதனைத் தடுப்பதற்காகப் பாடகருக்கு இரண்டு ஒலிவாங்கிகளை எதிரெதிராக இணைத்து, ஒன்றில் மட்டும் பாடச்செய்தனர். இரண்டிலும் ஒருங்கே புகுந்த ஓசை தன்னைத் தானே அழித்துக்கொள்ள, ஒன்றிற் புகுந்த குரல் மாத்திரம் வெளிவந்தது. எவ்வளவு எளிய உபாயம்! கலைஞனுங் கேட்போனும் ஒரே ஓசைக்குள் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அன்று கம்பியாகவும் பலகையாகவும் உருப்பெற்றது. அதைச் சுமந்த லொறிகளின் செலவும் அதைப் பூட்டிக் கழற்றிய தொழிலாளரின் கூலியுந் தாங்கமாட்டாமல், அவ்வாண்டு ஒக்ரோபரோடு குழுவினர் சுவரைக் கைவிட்டனர், சுற்றுப்பயணத்தையும் நிறுத்திக்கொண்டனர். நட்டம் அவர்களுடையது, சுவரும் அவர்களுடையதாகவே இருந்தது.

கேட்போரும் அன்று சும்மா இருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து கச்சேரிகளைப் பதிந்தனர். 1984இல் அவர்களுக்கென அரங்கில் ஓர் இடத்தையே குழுவினர் ஒதுக்கிக் கொடுத்தனர். பதிந்த நாடாக்களை விற்கலாகாது, கைம்மாறிக்கொள்ளலாம் என்பது வழக்கு. இவ்வாறு கைகளினூடாகப் பரவிப் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளுள் ஒன்றான 1977 மே 8 கோர்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எந்த வியாபாரி அதனைத் தேடிக் காத்தான்?

இனி இரண்டாவது நிகழ்ச்சி. குழுத்தலைவர் போல் மதிக்கப்பட்ட ஜெரி கார்சியா 1995இல் மறைந்தபின், எஞ்சியோர் சிலர் இளையோர் சிலரைச் சேர்த்துக்கொண்டு டெட் அன்ட் கொம்பனி என்ற பெயரிற் பாடிவந்தனர். இவர்கள் 2024இல் ஸ்பியர் அரங்கில் 30 கச்சேரிகளும், 2025இல் 18 கச்சேரிகளும் நடத்தினர். திரையிலே ஆஷ்பெரி வீதியின் அந்தப் பழைய வீடு தோன்றும். அங்கிருந்து காட்சி மேலெழுந்து, நகரத்தைத் தாண்டி, விண்வெளிவரை செல்லும். 1974இன் ஒலிச்சுவரும் அத்திரையிற் சித்திரமாக எழுந்து நின்றது. இசைஞர் தம் கைப்பொருளைக் கொட்டி எழுப்பிய சுவர், இன்னொருவர் சுவரிலே படமாயிற்று. கட்டணமின்றிப் பாடியவர்களின் வீட்டுக்கு இப்பொழுது நுழைவுச் சீட்டு. கேட்போர் அதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக்கொண்டு வீடு திரும்பினர்.

மேடையில் நிற்பவர்கள் அத்திரையின் அடியில் எறும்பளவு தோன்றுகின்றனர் என்பதைப் பலர் நகைச்சுவையாகக் கூறுவர். நாம் நகைக்கவில்லை. திரைக்காட்சியைப் பல மாதம் உழைத்து ஆக்கிய பின்னர், பாட்டு அக்காட்சியின் நீளத்துக்கும் வரிசைக்கும் அடங்க வேண்டிய நெருக்கடி தானாகவே வந்து சேர்கின்றது. இது விதியன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். 2024 ஏப்ரலில் இதே அரங்கிற் பாடிய பிஷ் என்னுங் குழுவினர் நான்கு இரவுகளிலும் ஒரு பாட்டையேனும் மீளப் பாடவில்லை. இசை போன போக்கிலே காட்சியையும் அவ்வப்போது இயக்கினர். இயந்திரம் கலைஞனுக்குப் பணிந்து நிற்கவுங் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இயந்திரத்தை வைவோர் இந்நான்கு இரவுகளைப்பற்றி என்ன சொல்வர்? ஆயினும் அவ்வாறு பணியவைத்தவர்களுங்கூட நான்கு இரவு முடிந்ததும் அரங்கை ஒப்படைத்துவிட்டுப் போகும் குடிக்கூலிக்காரரே.

வீட்டுக்காரர் யார்? மடிசன் ஸ்குவெயர் கார்டனையும் ஆளுகின்ற ஜேம்ஸ் டோலனின் நிறுவனம். கோளத்தின் வெளிப்புறம் 580,000 சதுர அடி ஒளித்திரை. உள்ளே கச்சேரியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நகரத்தார் விரும்பினாலும் வெறுத்தாலும், அதில் விளம்பரம் ஓடும். இத்தகைய கோளமொன்றை லண்டனில் ஸ்ராற்போட் பகுதியிலும் எழுப்ப முயன்றனர். படுக்கையறைக்குள் விளம்பர ஒளி பாயுமென்று அயலவர்கள் முறையிட்டபோது, இருள்மறைப்புத் திரைச்சீலை தருகிறோம் என்றார்கள்! உலகத்துக்கே புதிய காட்சி காட்ட வந்தவர்கள், ஏழை அயலவனுக்கு நீட்டியது சன்னலை மூடும் சீலை. 2023 நவம்பரில் லண்டன் மேயர் சாதிக் கான் அனுமதி மறுத்தார்; 2024 சனவரியில் நிறுவனம் பின்வாங்கியது. டோலன் குடும்பத்தின் சகோதர நிறுவனம், தம்மீது வழக்காடும் சட்ட அலுவலகங்களைச் சேர்ந்தோரை 2022இல் நியூயோர்க் அரங்குகளின் வாசலில் முகத்தை அடையாளங்காணும் கருவிகொண்டு மறித்ததையும் இங்கு நினைவூட்டலாம். வாசல் எவருடையதோ, உள்ளே எவர் வரலாம் என்பதும் அவருடையதே.

நண்பர் சிலர் நம்மிடம் வாதிப்பதுண்டு: இசைஞர் முதியவராயினர், ஊரூராக அலைவதினும் ஓரிடத்தில் இருந்து பாடுவது அவர்களுக்கு நலமல்லவா, என்று. நலமே. ஆனால் அந்த அலைச்சல் மறைந்துவிட்டதா? அது கேட்போர் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றது. முன்னர் இசை ஊருக்கு வந்தது. இப்பொழுது ஊரார் விமானமேறி, விடுதியில் அறை எடுத்து, இசை இருக்கும் இடத்துக்குப் போகின்றனர். யூ-டூவின் 40 கச்சேரிகளுக்கு அறிவிக்கப்பட்ட ஆகக் குறைந்த கட்டணம் 140 டொலர். நெவாடாவின் குறைந்தபட்சக் கூலி 2024 யூலையில் மணிக்கு 12 டொலராக உயர்த்தப்பட்ட பின்னரும், அத்தொகையை ஈட்ட அங்குள்ள தொழிலாளி ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரம் உழைக்க வேண்டும். கோளத்தோடு பாலத்தால் இணைந்திருப்பது வெனீஷியன் விடுதி. 1999இல் திறக்கப்பட்ட அவ்விடுதியிலே படுக்கை விரிப்போரும் பாத்திரம் கழுவுவோரும் தமது முதலாவது தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் பெற்றது 2024இலேயே. இருபத்தைந்து ஆண்டு காத்திருந்தனர். கலையின் எதிர்காலத்தைப் பாடும் கட்டுரைகளில் இச்செய்திக்கு ஒரு வரியும் கிடைத்ததாக நாம் காணவில்லை.

2025 ஓகஸ்ட் 28ஆந் திகதி முதல் அவ்வரங்கில் 1939ஆம் ஆண்டின் 'த விசார்ட் ஒவ் ஓஸ்' திரைப்படம் காட்டப்பட்டது. செயற்கை நுண்ணறிவைக்கொண்டு படம் விரிக்கப்பட்டது. சட்டத்துக்கு வெளியே நின்ற பாத்திரங்களுக்கு இல்லாத உடல் வரையப்பட்டது. 102 நிமிடப் படம் ஏறத்தாழ 75 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. பின்னணி இசையைப் புதிதாக வாசித்த வாத்தியக்குழு ஒரு தடவை வாசித்துவிட்டுச் சென்றது. அதன்பின் மேடையில் எவரும் வேண்டியதில்லை. 1969இல் இறந்த ஜூடி கார்லண்ட் ஒரே நாளிற் பல காட்சிகளுக்குக் களைப்பின்றிப் பாடுகின்றார். இசைஞரை வாடகைக்கு அமர்த்திய உடைமையாளருக்கு, இசைஞரே இல்லாத இந்த ஏற்பாடு கசக்குமா?

1974இல் இல்லாத கருவி 2024இல் உண்டு. அதை ஆக்கும் ஆற்றலும் மனிதருக்கு உண்டு. ஆயின் அதனைப் பாடுவோரும் கேட்போரும் சேர்ந்து ஆளும் ஓர் அரங்கு ஏன் எழவில்லை? ஒரு நகரசபையோ, ஒரு தொழிற்சங்கமோ, ஓர் இசைஞர் கூட்டுறவோ இந்த ஒலிக்கற்றைகளைக் கையாளும் நாளைப்பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை? ஆர்ப்பரிப்போரும் புலம்புவோரும் முதலில் இதற்கு விடை கூறட்டும். பின்னர் நம்மோடு கலையின் எதிர்காலத்தைப்பற்றி வாதிட வரட்டும்.