அந்த 'சி' எதுக்கு சித்தப்பா?

ப்ளஸ் டூ படிக்கும் அண்ணன் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். 2 எக்ஸை இன்டக்ரேட் பண்ணி 'எக்ஸ் ஸ்கொயர்' என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் 'ப்ளஸ் சி' போடவில்லையாம். ஒரு மார்க் அவுட்.

"அந்த சி எதுக்கு சித்தப்பா?"

என்னைப் போய்! நான் பி.காம். ஆனாலும் விடுவேனா?

எக்ஸ் ஸ்கொயரை டிஃபரன்ஷியேட் பண்ணினால் 2 எக்ஸ். எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 5-ஐப் பண்ணினாலும் அதே 2 எக்ஸ்தான். மாறாத எண் வழியிலேயே காணாமல் போய்விடும். திரும்பி வரும்போது அது 5-ஆ, 5,000-ஆ, யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் சி. (இன்டக்ரல் குறியே 1675-ல் லைப்னிட்ஸ் இழுத்து எழுதிய 'எஸ்'தான். லத்தீன் 'சும்மா'வின் முதலெழுத்து. அங்கே சும்மா என்றால் கூட்டுத்தொகை!)

2012-ல் நண்பனும் நானும் ஜெராக்ஸ் கடை வைத்தோம். காப்பிக்கு 60 பைசா செலவு, 1 ரூபாய் வசூல். பி.காமில் மார்ஜினல் காஸ்ட் என்று நெட்டுருப் போட்டது இந்த 60 பைசாவைத்தான். அது மொத்தச் செலவின் டெரிவேட்டிவ் என்று என் மண்டையில் ஏறவில்லை. 40 பைசா லாபத்திலேயே மிதந்தோம். மாதம் 6,000 காப்பி, கையில் 2,400 ரூபாய். கடை வாடகை 4,000! ஒரு காப்பிகூடப் போடாவிட்டாலும் 4,000. எட்டாம் மாதம் ஷட்டரை இறக்கினோம்.

"அந்த வாடகைதான்டா சி."

காபி டம்ளரோடு வந்த அண்ணி சொன்னார்: "அந்த சி-யில என் வளையல் ரெண்டும் இருக்கு, தம்பி."