கண்ணாடித் தொட்டியில் இறாலும் நண்டும்

போத்தலிற் பிடித்து வந்த இறாலைக் காட்டி, "இது என்ன இனம்?" என்று வினவும் மாணவர்க்கு நாம் முதலிற் கூறுவது, நிறத்தைப் பாராது கையைப் பாருங்கள் என்பதே. கருநிலத்திற் கறுத்துத் தோன்றும் இறால் வெண்மணலில் விட்டால் வெளிறிப் போகும்.

நமது குளங்களிலும் ஓடைகளிலும் வாழும் இறால்களில் இரு வகைகள் முக்கியமானவை. முன்னிரு சோடிக் கால்களும் குட்டையாய், நுனியில் தூரிகை போன்ற மயிர்க்கற்றை உடையது கரிடினா. கல்லிற் படிந்த பாசியையும் மக்கிய இலைத் துகளையும் அத்தூரிகையாற் கூட்டியெடுத்து உண்ணும் சாதுவான உயிர் அது. இரண்டாம் சோடிக் கால்கள் ஏனையவற்றிலும் நீண்டு, இடுக்கியாய் முடிந்தால் அது மக்கிரோபிராக்கியம். சந்தைக்கு வரும் பெரிய நன்னீர் இறாலும் இவ்வகையே. இதனைச் சிறுமீன்களோடு விடுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது போலாகும். விளக்கணைந்த பின் மீன்கள் ஒவ்வொன்றாய்க் குறையும்.

அடுத்து முட்டையைப் பாருங்கள். தாய் அதனை வயிற்றின்கீழ்ச் சுமந்து திரிவதால் உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று போதும். முட்டைகள் மிக நுண்ணியனவாய், எண்ணற்றனவாய் இருந்தால், பொரிப்பவை தாயின் வடிவம் பெறாத மிதக்கும் இளம்பருவங்கள். அவற்றுக்கு உவர்நீர் வேண்டும். பெரிய நன்னீர் இறால் கழிமுகம் நோக்கி இறங்குவது இதன் பொருட்டே. முட்டைகள் பெரியனவாய், சிலவாய் இருந்தால் குஞ்சுகள் சிற்றிறாலாகவே வெளிவந்து தொட்டியிற் பெருகும். கடைகளில் விற்கும் செந்நிறச் சிற்றிறால் இத்தகையது. கிழக்காசியாவிலுள்ள அதன் மூதாதை மங்கிய பழுப்பு நிறத்தது; செம்மை மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்ததால் வந்தது.

நண்டிலும் இதே பாடந்தான். நன்னீர் நண்டு என்று கடைகளில் விற்கப்படும் செங்கை நண்டு உண்மையிற் கண்டற் கரையைச் சேர்ந்தது. வெறும் நன்னீரில் நாளடைவில் நலிந்து போகும். மெய்யான நன்னீர் நண்டின் முட்டையிலிருந்து நண்டுக் குஞ்சே வெளிவந்து, தாயின் வயிற்று மடிப்பினுட் சில காலம் தங்கும். (அம்மடிப்பு அகன்றிருப்பது பெண், ஒடுங்கியிருப்பது ஆண்.) கடலோடு தொடர்பில்லாமையால் தாய் வாழ்ந்த ஓடையிலேயே பிள்ளையும் வாழ்கிறது. ஒரு மலையின் நண்டு மறு மலையை எட்டுவதில்லை. இலங்கையில் ஐம்பது இனங்களுக்கு மேல் இருப்பதும், அவற்றில் ஏறக்குறைய யாவும் உலகில் வேறெங்கும் இல்லாதிருப்பதும் இதனாலேயே. 2005 ஆம் ஆண்டில் ஒரே ஆய்வுரையிற் பத்துப் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. ஆயின் 2012 ஆம் ஆண்டுத் தேசியச் செம்பட்டியலில் நம் நண்டினங்களிற் பெரும்பாலானவை அழியும் அபாயமுடையவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. சில இனங்களுக்கு ஓரிரு ஓடைகளே முழு உலகம். அங்கே குஞ்சு சுமக்கும் ஒரு தாயைப் போத்தலில் அடைப்பது சிறு செயலன்று. மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும் பிள்ளைகள் கல்லைப் புரட்டி நண்டைப் பார்க்கட்டும். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வரட்டும்.

வளர்க்க விரும்புவோர்க்கு வயல் வரம்பில் வளை தோண்டும் நண்டு ஒன்றே போதும். இரண்டு விட்டாற் சண்டைதான். தொட்டியிற் பாதி நீரும், ஏறியிருக்கக் கல்லும் மண்ணும் அமையுங்கள். மூடிமேற் பாரம் வையுங்கள். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். தொட்டி நண்டோ கொழுக்கும் வரை காத்திருப்பதில்லை. குளோரீன் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தபின் ஊற்றுங்கள். செப்புக் குடத்து நீரும், செம்பு சேர்ந்த மீன் மருந்தும் இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு.

ஒரு காலையில் நண்டு அசையாது கிடப்பதைக் கண்டு பிள்ளைகள் அழக்கூடும். எடுத்து எறியாதீர்கள். பெரும்பாலும் அது கழற்றிய சட்டையாகவே இருக்கும். உரியவர் உடல் மென்மையாய்க் கல்லின்கீழ் ஒளிந்திருப்பார். பழைய ஓட்டையும் அவரே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்வார். முறிந்த கால்கூடச் சிலமுறை ஓடு கழற்றியபின் மீள முளைக்கும்.

வளர்த்தது போதுமென்று தோன்றினால் வயல் நண்டைப் பிடித்த அதே வரம்பில் விடுங்கள். கடையில் வாங்கிய சிற்றிறாலையோ எந்தக் குளத்திலும், எந்த வாய்க்காலிலும் விடவேண்டா. தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள்.