போதை வரும் பாதை

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், எரியோடு)



போதை என்றதும் மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் ஒரே திசையில்தான் கை நீட்டுகிறார்கள். மேல்நாட்டு நாகரிகம், சினிமா, கெட்ட சகவாசம்! ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் ஊர்வலத்தில் நாமும் அட்டை பிடித்து அதையே கோஷம் போட்டோம். ஆனால் திண்டுக்கல் சீமையில் நின்றுகொண்டு 'போதை வெளியிலிருந்து வருகிறது' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பூட்டுக்கு அடுத்தபடி இந்த ஊர் பெயர் வாங்கியது எதனால்? புகையிலையால்தானே! எங்கள் எரியோட்டுக்குப் பக்கத்தில் வேடசந்தூரில் இதற்கென்றே மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடமே புகையிலையைத் தூது அனுப்பிப் பாடினார். 'புகையிலை விடு தூது' என்ற அந்த நூலை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்திருக்கிறார். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் காலத்தில் கப்பலேறி வந்து சுமார் நானூறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் சாமி வரைக்கும் சொந்தமாகிவிட்டது! வெற்றிலை பாக்கு நம் பழைய வழக்கம். புகையிலை இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் கல்யாண வீட்டுத் தட்டில் அது இல்லாவிட்டால், "என்னப்பா, தட்டுல ஒண்ணையும் காணோம்" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு அது வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஊரு என்னடா பேசும்" என்றார்.

என் அம்மா புகையிலைக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர். பனி ஈரத்தோடு இலையைத் தொட்டால் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தலை சுற்றும், குமட்டும். அம்மா அதைப் பித்தம் என்பார். அவருடைய சுருக்குப் பையிலும் ஒரு துண்டு புகையிலை இருக்கும். வாயில் அடக்கினால் பசி தெரியாது, மத்தியானம் வரை வேலை ஓடும். இதை ஒழுக்கக்கேடு என்று யார் சொல்வது? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் டிப்ளமோ ஃபீஸில் அந்தக் கூலியும் இருக்கிறது. ஆகவே புகையிலை போடும் விவசாயியைத் திட்டி நான் எழுத மாட்டேன். கட்டுப்படியாகும் வேறு பயிர் காட்டாமல் திட்டுவது சுலபம்.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலாவுக்கு 2013 மே மாதமே தடை வந்துவிட்டது. ஆனாலும் 'கூல் லிப்' கிடைக்கிறது. சின்னப் பை, உதட்டுக்குள் ஒதுக்கினால் புகையும் இல்லை, வாத்தியாருக்கும் தெரியாது. "சும்மா ஒரு தடவ வெச்சுப் பாருடா மாப்ளே" என்று நீட்டுகிறவன் வில்லனா? பஸ்ஸில் நமக்கு இடம் போடுகிறவன், ரெக்கார்டு நோட்டுத் தருகிறவன்! வேண்டாம் என்றால் அவனையே வேண்டாம் என்ற மாதிரி ஆகிவிடுகிறது. கல்யாண வீட்டில் தாத்தா தட்டை நீட்டுவதும் இதே அன்போடுதான். அன்பாக நீட்டுவதை மறுக்க நம்மில் யாருக்கும் பழக்கமில்லை. அந்த இடத்தில்தான் போதை நுழைகிறது என்பது என் கருத்து.

சினிமாவை நான் விட்டுவிடவில்லை. 2012 முதல் திரையில் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். ஹீரோ பற்றவைக்கும்போது விசில் அடிக்கிற கூட்டம் அதைப் படிக்கவா போகிறது? ஆனால் 2016-17ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், புகைப்பவர்களைப் போல இரண்டு மடங்குப் பேர் வாயில் போடுகிறவர்கள் என்று தெரிந்தது. நம் போஸ்டரிலோ சிகரெட் மட்டும்தான் எரிகிறது!

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது 2003ஆம் வருஷத்துச் சட்டம். சிவில் துறை நண்பர்களிடம் சர்வே செயின் இருக்கிறது. அடுத்த ஆண்டு கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே நம் கேட்டிலிருந்து அளந்து பார்ப்போமா? மனு எழுதுவதற்கு முன்னால் கடைக்கார அண்ணனிடம் நாமே போய்ப் பேசலாம். அவருக்கும் பிழைப்பு ஓட வேண்டும். தினமும் அவரிடம் டீயும் வடையும் வாங்குகிறவர்கள் நாம்தானே, நம் பேச்சைக் கேட்காமலா போவார்?