பிழை பட்டறையிலேயே வெளிப்படட்டும்



நம் சங்கத்து இளைஞர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். அவர் தந்தையார் பிலாய் உருக்காலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து அண்மையில் ஓய்வு பெற்றவர். சேமநிதியும் பணிக்கொடையுமாகக் கைக்கு வந்த தொகையைக் கொண்டு, கட்டடங்களுக்கான உருக்குத் தூண்களும் உத்திரங்களும் கூரைச் சட்டங்களும் செய்து தரும் பட்டறை ஒன்றைத் தொடங்கலாமா என்று வினவுகிறார். "உருக்குப் பிறக்கும் ஊரில் இருக்கிறோம், இதனினும் ஏற்ற தொழில் வேறு உண்டோ?" என்பது அவர் வாதம்.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் இங்கே முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார். ஆயினும் அதன்பின் நெடுங்காலம், உருக்கு நாட்டின் எம்மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைக்கவேண்டும் என்று அரசு சரக்குக் கட்டணத்தைச் சமன் செய்து வந்தமையால், ஆலைக்கு அருகில் இருப்பவருக்குத் தனி ஆதாயம் கிட்டவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது. இன்று அருகில் இருப்பது ஆதாயமே. மேலும், செய்து முடித்த கூரைச் சட்டம் லாரியில் எடையைக் காட்டிலும் இடத்தையே மிகுதியாக அடைக்கும். நெடுந்தொலைவு அனுப்பினால் வண்டி வாடகை இலாபத்தைத் தின்றுவிடும். ஆகவே துர்க், ராய்ப்பூர் வட்டாரத்து அரிசி ஆலைகளும் கிடங்குகளும் அண்மையில் உள்ள பட்டறையையே நாடும்.

ஊர் இவ்வாறு கைகொடுக்கும். ஆனால் தொழிலைக் காப்பது ஊர் அன்று. அதைக் காப்பது எது என்பதையே இத்திங்கள் சொல்ல விழைகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள உருக்குத் தகட்டின் எடை 7.85 கிலோ. இரண்டு மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் நீளமும் பத்து மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடு 942 கிலோ ஆகும். இத்தொழிலில் வாங்குவதும் விற்பதும் எடைக்கே. ஆதலின் வெட்டி எறியும் துண்டு ஒவ்வொன்றும் காசு. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள உத்திரத்தில் ஐந்து மீட்டர்த் துண்டுகள் இரண்டு வெட்டினால் மிஞ்சும் இரண்டு மீட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கு, பழைய இரும்பு விலைக்குப் போகும். அதே வேலையில் ஏழு மீட்டர்த் துண்டும் தேவை என்று வரைபடத்தைப் பார்த்து முன்னரே அறிந்தவர், ஐந்தும் ஏழுமாக வெட்டிக் கழிவின்றி முடிப்பார். அறுவை இயந்திரத்தை ஓட்டுமுன் ஒரு மணி நேரம் தாளில் செலவிடுக.

அடுத்தது சரக்கின் தரம். இந்தியத் தர அளவு 2062 என்பது கட்டட உருக்குக்கு உரியது. அதில் இ250 என்னும் தரமும் இ350 என்னும் தரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தாங்கும் வலிமையிலோ பெரிதும் வேறுபடும். ஆலைச் சான்றிதழில் உள்ள வார்ப்பு எண் தகட்டின் ஒரு மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும். அம்மூலையை வெட்டி எடுத்துவிட்டால் எஞ்சிய தகடு பெயரில்லாப் பிள்ளை ஆகிவிடும். ஆகவே வெட்டுமுன் அவ்வெண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றி எழுதவேண்டும். சான்றிதழ் இல்லாச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். அதன் வலிமைக்கு ஈடு நிற்பவர் ஒருவரும் இரார்.

மழைக்காலத்தில் வெல்டிங் ராடுகளிலும் கருத்து வேண்டும். ஈரம் ஏறிய ராடு கொண்டு பற்றவைத்தால் ஹைட்ரஜன் உட்புகுந்து, பற்று மேலே அழகாகத் தோன்றினும் உள்ளே விரிசல் காணலாம். ராடுகளை அடுப்பில் உலர்த்தியே கொடுத்தல் நன்று.

இவை அனைத்தும் நூலறிவு. இவற்றை அறிந்த பட்டறையும் இழப்புக்கு உள்ளானதுண்டு. நான் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

உரிமையாளர் நம்மவர், நேர்மையாளர், ஆனால் சுடுசொல்லர். கிடங்கு ஒன்றுக்கு நாற்பது உத்திரங்கள் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஒவ்வோர் உத்திரத்தின் இரு முனைகளிலும் தகடு; தகட்டில் போல்ட் துளைகள். இடப்புறத் துளைகளும் வலப்புறத் துளைகளும் கண்ணாடியில் கண்டாற்போல எதிரெதிராக அமைய வேண்டும். குறித்தவர் இரண்டையும் ஒன்றுபோலவே குறித்துவிட்டார். ஆறாவது உத்திரத்துக்குத் துளையிடும்போதே அவ்வேலை செய்த ஒடிசாத் தொழிலாளிக்கு ஐயம் எழுந்தது. ஆனால் முந்திய வாரந்தான் வேறோர் ஐயத்தைச் சொல்லப்போய், எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியிருந்தார். ஆதலின் வாய் திறவாமல் நாற்பதையும் முடித்தார்.

உத்திரங்கள் வண்ணம் பூசப்பெற்று லாரியேறின. கட்டட இடத்தில் கிரேன் முதல் உத்திரத்தை முப்பதடி உயரத்துக்குத் தூக்கியது. மேலே இரண்டு ஆட்கள் போல்ட்டும் கையுமாகக் காத்திருந்தனர். துளைகள் பொருந்தவில்லை. இருபது மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர்த் துளை. விட்டுக்கொடுக்கும் இடம் இரண்டே மில்லிமீட்டர். இங்கே பிசகு விரற்கடை அளவு. கிரேனின் வாடகையோ மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கேஸ் சுடர் கொண்டு துளையை அகலப்படுத்திவிடலாம் என்றார் ஒருவர். அவ்வாறு சுட்டுக் கிழித்த துளையில் போல்ட் சீராக அமர்ந்து பாரத்தைத் தாங்காது. அக்கூரையின் கீழ் நாளை மனிதர்கள் நடமாடுவர். உரிமையாளர் மறுத்துவிட்டார். நாற்பதையும் திருப்பி எடுத்துவந்து, முனைத் தகடுகளை அறுத்து நீக்கி, புதியன பொருத்தி அனுப்பினார். அவ்வேலையின் இலாபமும் போயிற்று. கைப்பணமும் சிறிது போயிற்று.

அன்று மாலை அனைவரையும் அழைத்து, "இது எவருக்கேனும் முன்பே தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். நெடுநேர மௌனத்துக்குப் பின் அத்தொழிலாளி, "ஆறாவதிலேயே தெரியும், பாபுஜி" என்றார். உரிமையாளர் சினம் கொள்ளவில்லை. தம்முடைய நாவே அந்த நாற்பது உத்திரங்களையும் கெடுத்தது என்று உணர்ந்தார்.

மறுநாள் முதல் அப்பட்டறையில் இரண்டு விதிகள் வந்தன. ஒவ்வொரு வகையிலும் முதல் துண்டைக் குறித்தவர் அல்லாத வேறொருவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பின்னரே இரண்டாவது துண்டு தொடங்கும். ஐயம் என்று எவர் கை உயர்த்தினாலும் வேலை நிற்கும். அவர் ஐயம் தவறாகவே இருப்பினும் ஏச்சு இல்லை. அயல்மொழி பேசும் தொழிலாளரிடையே தொழில் நடத்தும் நமக்கு இவ்விரண்டாம் விதி இன்றியமையாதது. நம் கோபம் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிடுகிறது. அவர்கள் ஐயமோ நாம் செவி சாய்த்தாலன்றி நமக்கு எட்டுவதில்லை.

இனிக் கடிதம் எழுதிய தம்பிக்கு என் விடை. முதலில் ஈராண்டு பிறர் பட்டறையில் வேலை பாருங்கள். பின்னர்த் தொடங்கும்போது, வாடிக்கையாளரே உருக்குக் கொடுக்க, கூலிக்கு மட்டும் செய்து தரும் வேலைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். தந்தையார் பணம் சரக்கில் முடங்காது. விலைப்புள்ளி கொடுத்தால், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் எழுதுங்கள். உருக்கு விலை உங்களுக்காகக் காத்திராது. உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாருக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு. எனினும் சட்டம் கையில் இருப்பினும் பணம் தாமதிக்கலாம். ஆகவே தந்தையார் தொகையில் ஒரு பகுதியைத் தொழிலில் இடாமல், அவர் பெயரிலேயே வங்கியில் விட்டுவையுங்கள். முப்பத்தைந்து ஆண்டு உலையருகே நின்றவரின் முதுமைக்கு அது உரியது.

பட்டறை திறக்கும் நாளில் எனக்கும் அழைப்பு அனுப்புங்கள். இயந்திரங்களைப் பார்க்குமுன், உங்களிடம் துளையிடும் தொழிலாளியோடு சற்றுப் பேசிப் பார்ப்பேன். அவர் அஞ்சாது பேசுவாராயின் பட்டறை நிலைக்கும் என்று நம்புவேன்.