மார்கழிப் பனியில் லாரிக்குள் விறைக்கப் பிறந்தவர்களா நாம்?



வெட்டு உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் விளக்கேற்றாத குறையாகச் சந்தோஷப்படுகிறோம். ஆள் தேடி, முன்பணம் கொடுத்து, வெட்டி, கட்டி, லாரியில் ஏற்றி ஆலை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அங்கே போனால் முன்னாடி ஐம்பது வண்டி நிற்கிறது. இன்றைக்கு ராத்திரி, நாளைக்கு ராத்திரி, மெஷின் நின்றுவிட்டால் அதற்கு மறுநாளும் அங்கேதான். கழுவ இடமில்லை, படுக்க இடமில்லை. டிரைவர் சீட்டில் டிரைவர் தம்பி முடங்கிக்கொள்கிறார். பின்பலகை கிளீனருக்கு. கரும்புக்குச் சொந்தக்காரன் எங்கே படுப்பான்? கரும்பு மேலேயே ஏறிப் படுக்கிறான். இல்லையென்றால் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துக்கொள்கிறான்.

கல்வராயன் மலை, ஜவ்வாது மலை அடிவாரத்து மார்கழிப் பனி எப்படி இருக்கும் என்று ஏசி அறையில் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவர்களுக்குத் தெரியாது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரம் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் ஐஸ் கட்டி மாதிரி ஆகிவிடும். விடியக்காலம் நாலு மணிக்குப் போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

கோரிக்கைகளைப் பிறகு பேசுவோம். அரவை நடந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கு ராத்திரியும் நம் ஆட்கள் அங்கேதான் படுக்கப் போகிறார்கள். அதனால் முதலில் உயிர் சங்கதி.

கேபினுக்குள் கரி அடுப்போ, நெருப்புச் சட்டியோ வைக்காதீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கங்கு வைத்துப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அப்புறம் அசதி. தூக்கம் வருகிறது என்று நினைத்துக் கண்ணை மூடுகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். சூட்டுக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதிலும் அதே ஆபத்து இருக்கிறது. பழைய வண்டியில் சைலென்சர் எங்கே ஓட்டை என்று யாருக்குத் தெரியும்? டீசலும் நம்ம கணக்கில்தான் எழுதுவார்கள்.

லாரிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். வரிசை நகரும்போது தூக்கக் கலக்கத்தில் யாரும் குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுப்பதில்லை.

குளிர் மேலிருந்து வருகிறது என்று போர்வை மேல் போர்வையாகப் போர்த்துகிறோம். பாதிக் குளிர் கீழே இருந்து ஏறுகிறது. அடியில் அட்டை, அதன்மேல் இரண்டு சாக்கு, சாக்குக்குள் காய்ந்த சோகை அல்லது வைக்கோல் திணித்துக்கொள்ளுங்கள். வேர்வையில் நனைந்த சட்டையை மாற்றிவிட்டுப் படுங்கள். காதையும் தலையையும் துண்டால் கட்டுங்கள். ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் நாம் விடுகிற மூச்சே உள்ளே தண்ணீராகப் படிந்து போர்வையை ஈரமாக்கும். டீக்கடையில் வெந்நீர் வாங்கி பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வைத்தால் பாதி ராத்திரி வரைக்கும் தாங்கும். கட்டிங் அடித்தால் குளிர் தெரியாது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: தெரியாதுதான், ஆனால் ரத்தம் தோலுக்கு ஏறி உடம்புச் சூடு வேகமாக வெளியே போகும். குளிர் தெரியாமலே விறைத்துப்போவீர்கள்.

இத்தனையும் எதற்கு? நம் கரும்பை நாம் கொடுப்பதற்கு! விருந்தாளிக்குத் திண்ணை கூட இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது?

பனியில் நாம் நனைகிறோம், பகல் வெயிலில் கரும்பு காய்கிறது. வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஒரு லாரியில் 15 டன் என்று வையுங்கள். நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்துபோனாலே 300 கிலோ. டன்னுக்கு 3,500 ரூபாய் என்று போட்டால் 1,050 ரூபாய். லாரிக்குக் காத்திருப்பு வாடகை, டிரைவர் பேட்டா, நம் சாப்பாடு எல்லாம் தனி. எடை மேடை ஏறும்வரை காய்வது நம் நஷ்டம். அதனால்தான் வரிசை எடை மேடைக்கு வெளியே நிற்கிறது! ஆலைக்கு உள்ளே காய்ந்தால் இவ்வளவு பொறுமை இருக்குமா அவர்களுக்கு?

1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. அந்த 14 நாள் கணக்கு கரும்பு ஒப்படைத்த பிறகுதான் ஓடும். வாசலில் கிடந்த இரண்டு ராத்திரி எந்தக் கணக்கிலும் வராது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று விதி போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் நம் கரும்பு ஏறுகிற லாரிக்குக் கதவே கயிற்றில் கட்டியிருக்கிறது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, எல்லா வருஷமும் நடக்கிறதுதானே" என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். 2020 நவம்பர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லையில் டிராக்டர் டிரெய்லருக்குள் வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் கட்டிப் படுத்தார்கள். அந்தக் குளிருக்கு முன்னால் நம் மார்கழி ஒன்றுமே இல்லை. சட்டம் போகும்வரை எழுந்திருக்கவில்லை. 2021 நவம்பர் 29-ந் தேதி நாடாளுமன்றம் மூன்று சட்டங்களையும் திரும்பப் பெற்றது. அவர்கள் கேட்டு வாங்குவதற்காக விறைத்தார்கள். நாம் கேட்காமலே விறைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் கேட்பது இதுதான். வண்டி வாசலுக்கு வந்த உடனே எடை போட்டுச் சீட்டுக் கொடு. ஒரு நாளைக்கு எவ்வளவு அரைக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் வெட்டு உத்தரவு போடு. மெஷின் நின்றால் அன்றைக்கே ஊருக்குச் சொல், வெட்டை நிறுத்திக்கொள்கிறோம். 12 மணி நேரத்துக்கு மேல் நின்றால் காத்திருப்பு வாடகையை ஆலை ஏற்க வேண்டும். கூரை போட்ட படுக்கை அறை, கழிப்பிடம், வெந்நீர், விளக்கு வேண்டும். டிரைவர், கிளீனர், வெட்டுக் கூலிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

இந்த நோட்டீஸ் கைக்கு வந்ததும், இந்தப் பருவத்தில் நீங்கள் வாசலில் கிடந்த ராத்திரிகளைக் கணக்கெடுங்கள். டோக்கன் சீட்டில் உள்ள தேதி, மணி, எடைச் சீட்டில் உள்ள தேதி, மணி, இரண்டையும் எழுதி ஊர்க் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எல்லா ஊர்ச் சீட்டும் சேர்ந்ததும் மூட்டையாகக் கட்டி ஆலை வாசலுக்குக் கொண்டுபோவோம். அன்றைக்குப் போர்வையோடு வாருங்கள்.