"ரிபண்ட் பண்ணியாச்சு" என்றால் காசு எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒன்லைனில் சாமான் விற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும், அவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பிமாரும் கட்டாயம் வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

உக்குவளை, வரக்காமுறை, கொங்காவளை, எந்தப் பக்கம் போனாலும் இப்போது அபாயா, ஹிஜாப், கேக், அத்தர் என்று ஏதாவது விற்கும் பேஜ் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டை விட்டு வெளியே போய் உழைக்க முடியாத எத்தனையோ பெண்களுக்கு அது கைச்செலவுக்கு ஒரு வழி. ஆனால் அநேக பேஜ்களின் அடியில் ஒரு வரி கிடக்கிறது: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது, டிலிவரி காசு திருப்பித் தரப்படாது. இந்தச் சட்டத்தை உங்களுக்கு யார் போட்டுத் தந்தது?

ஒரு கணக்கு பார்ப்போம். அபாயா 3,500 ரூபா, டிலிவரி 400. வாங்குபவர் 3,900 ரூபா கட்டுகிறார். 54 சைஸ் கேட்டவருக்கு 58 வந்து சேருகிறது. கூரியர் தம்பி பெரும்பாலும் காசு வாங்காமல் பார்சலைப் பிரிக்க விடமாட்டார், அதனால் விஷயம் பிறகுதான் தெரியவருகிறது. திருப்பி அனுப்ப இன்னொரு 400. கடைசியில் விற்றவர் 3,500 ரூபாவைப் போட்டுவிட்டு, "முழுக் காசும் தந்தாச்சு சேர்" என்கிறார். பிழை விட்டது ஒருவர், 800 ரூபா இழந்தது இன்னொருவர். இதற்குப் பெயர் முழுக் காசா?

வேர்ட்பிரஸ்ஸில் வூகொமர்ஸ் போட்டுக் கடை நடத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். அதில் கைமுறையாக ரிபண்ட் செய்யும் பட்டனை அழுத்தினால் ஓடர் கணக்கில் மட்டும்தான் பதிவு விழும். வாங்கியவரின் கைக்கு ஒரு சதமும் போகாது, காசை நீங்கள் தனியாக அனுப்ப வேண்டும். அதற்குள் ரிபண்ட் ஆகிவிட்டது என்று அவருக்கு ஈமெயில் போய்விடும். அவர் போன் எடுத்தால், "சிஸ்டத்தில் முடிந்துவிட்டது, பேங்கில் கேளுங்கள்" என்று பதில். சிஸ்டம் பொய் சொல்லவில்லை தம்பி, சிஸ்டத்தைக் காட்டி நீங்கள் சொல்கிறீர்கள்.

பொருள், டிலிவரி, மேலதிகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரியில் ரிபண்ட் தொகை போட அந்த சொப்ட்வெயாரிலேயே இடம் இருக்கிறது. டிலிவரி வரியை வெறுமையாக விடுவது மனிதர்தான். ஆகவே வெப்சைட் செய்யும் தம்பிமாருக்கு என் வேண்டுகோள்: ரிபண்ட் போடும்போது காரணம் கேட்கும்படி செய்யுங்கள். காரணம் கடைக்காரரின் பிழை என்றால் டிலிவரித் தொகையும் தானாகச் சேரட்டும். பேங்க் சிலிப் இலக்கத்தைப் பதியாமல் "முடிந்தது" என்று காட்ட விடாதீர்கள். பெரிய வேலையொன்றும் இல்லை.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு இ-கொமர்ஸ் விதிகளின்படி மொத்த விலையையும், அதற்குள் டிலிவரி உட்பட என்னென்ன கட்டணம் இருக்கிறது என்பதையும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். முறைப்பாடு வந்தால் 48 மணித்தியாலத்துக்குள் கிடைத்ததென்று அறிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களிடம் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். பேஸ்புக் பிறப்பதற்கு முந்திய சட்டம்! ஆனாலும் அதில் பல் இருக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். சொன்ன உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். விசாரித்துவிட்டு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, காசைத் திருப்பவோ அது உத்தரவிட முடியும். தொலைபேசி 1977. ஸ்க்ரீன்ஷொட்டை அழிக்காமல் வைத்திருங்கள்.

சட்டம் வேண்டாம், மார்க்கம் பேசுவோம் என்பவர்களுக்கு: குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை எங்கள் பிக்ஹில் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது? மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு கியாருல் ஐப் தெரியும். நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த சம்பவத்தை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, பில்டர் போட்ட படத்தைக் காட்டி விற்கிறோம்.

வாங்குகிறவர்களும் சும்மா சிரிக்க வேண்டாம். மூன்று பேஜில் ஓடர் போட்டு, முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு கூரியருக்கும் போனை ஓஃப் பண்ணுகிறவர்கள் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். பார்சல் திரும்பிப் போனால் கூரியர் காசு அந்தத் தங்கச்சியின் தலையில்தான் விழுகிறது. அதற்காக டிலிவரி காசை மட்டும் முற்பணமாக வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பிழை உங்களுடையது என்றால் அந்தக் காசும் திரும்ப வேண்டும். அதை ஓடர் எடுக்கும் முன்பே எழுதிப் போடுங்கள்.

ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் பேஜ்கள் எங்கள் மாவட்டத்தில் இருந்தால் அவற்றின் ரிட்டர்ன் விதியைக் கீழே கொமெண்டில் போடுங்கள். நான் ஷெயார் பண்ணுகிறேன், காசு வேண்டாம்.